இந்தத் தடவையாவது

குடத்துக்குள் இன்னும் மோதிரம்கூட விழவில்லை. அதற்குள் ஆவுடையம்மாள் சொல்லிவிட்டாள், “இந்தத் தடவையாவது விட்டுக்குடுக்காம எடுல தம்பி” என்று. ஆவுடையம்மாள் மாப்பிள்ளைக்குக் கூடப்பிறந்த அக்கா, ஒரே அக்கா; இன்று காலை எட்டரை மணியிலிருந்து செண்பகவல்லிக்கு மதினி. சொல்லிவிட்டுச் சிரித்தாள். மேடையைச் சுற்றி நெருக்கியடித்துக்கொண்டு நின்ற பெண்டுகளும் சிரித்தார்கள். எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரிந்துதான் சிரிக்க வேண்டும் என்று கல்யாண மண்டபத்தில் யாருக்கும் கட்டாயம் கிடையாது. மாப்பிள்ளை கோமதிநாயகம் மட்டும் சிரிக்கவில்லை. அக்காவை ஒரு பார்வை பார்த்தான், அவ்வளவுதான். செண்பகவல்லி தலையைக் குனிந்துதான் உட்கார்ந்திருந்தாள், புதுப்பெண் வேறெப்படி உட்காருவாள், ஆனால் குனிந்த தலையிலும் கண் இரண்டும் திறந்துதானே இருக்கின்றன. அந்தப் பார்வையை அவள் பார்த்துவிட்டாள். தாலி ஏறி இன்னும் இரண்டு மணி நேரம் ஆகவில்லை. பாலும் பழமும் கொடுத்தாகிவிட்டது. கீழே இரண்டாம் பந்தி நடக்கிறது, ரசத்தின் வாசனை மேடை வரைக்கும் ஏறி வருகிறது. விளையாட்டு என்று ஒன்றையும் இன்னும் தொடங்கவில்லை. இனிமேல்தான் மோதிரம் எடுக்க வேண்டும், அப்புறம் தேங்காய் உருட்ட வேண்டும், அப்புறம் ஒருவர் தலையில் ஒருவர் அப்பளத்தை உடைக்க வேண்டும். முதல் ஆட்டத்தின் முதல் தடவை இது. பிறகு எங்கிருந்து வந்தது அந்த ‘இந்தத் தடவையாவது’?

செண்பகவல்லிக்கு உத்தியோகம் ரத்தப் பரிசோதனை நிலையத்தில். பன்னிரண்டு வருடமாகக் கோவில்பட்டி ஜனங்களின் கையைப் பிடித்து, நரம்பைத் தட்டித் தேடி, ஊசி குத்துகிறவள். சந்தேகம் அவளுக்குப் பிறவிக் குணம் இல்லை, தொழில் கொடுத்த குணம். வெறும் வயிற்றோடுதானே வந்திருக்கிறீர்கள் என்று கேட்டால், “பச்சத்தண்ணி பல்லுல படல தாயி” என்று சத்தியம் செய்வார்கள். மீசையில் டீ ஒட்டியிருக்கும். மாத்திரை போட்டேன் என்பவர் போட்டிருக்க மாட்டார், போடவில்லை என்பவர் இரண்டாகப் போட்டிருப்பார். மனிதர்கள் பொய் சொல்லும்போது முகத்தைத்தான் சரிசெய்து வைத்துக்கொள்வார்கள், வார்த்தையைக் கவனிக்க மறந்துவிடுவார்கள். இந்த ‘ஆவது’ என்ற வார்த்தையை எடுத்துக்கொள்ளுங்களேன். “இன்னைக்காவது கொறஞ்சிருக்காம்மா?” என்று கேட்கிறவர் பழைய சர்க்கரை நோயாளி. முதன்முதலாகப் பரிசோதிக்க வந்த ஒருத்தர்கூட அவளிடம் இன்னைக்காவது என்று கேட்டதில்லை, “சக்கர இருக்கா?” என்றுதான் கேட்பார். ஆவது என்று ஒருத்தர் வாயிலிருந்து வந்துவிட்டால் அதற்கு முன்னால் ஒன்று நடந்திருக்கிறது, நடந்தது சரியாக நடக்கவில்லை, அது திரும்ப அப்படியே நடந்துவிடுமோ என்ற பயமும் இருக்கிறது. இத்தனையும் அந்தச் சின்ன வார்த்தைக்குள் உட்கார்ந்திருக்கிறது. மாலை மாற்றும்போது விட்டுக்கொடுத்ததைச் சொல்கிறாளோ? மாலை மாற்றுவதில் யார் ஜெயிக்கிறார்கள், யார் தோற்கிறார்கள், அதில் விட்டுக்கொடுக்க என்ன இருக்கிறது? சின்ன வயதில் தாயம் விளையாடும்போது விட்டுக்கொடுத்திருப்பானோ? இருக்கலாம். அக்கா தம்பிக்குள் ஆயிரம் இருக்கும். தாயத்தைச் சொல்கிறவள் தாயம் என்று சொல்லியிருப்பாளே, கோமதிநாயகமும் அதற்குச் சிரித்திருப்பானே. அவன் பார்த்த பார்வை சிரிக்கிற விஷயத்துக்குப் பார்க்கிற பார்வை இல்லை. ‘அக்கா, இப்ப எதுக்கு அது?’ என்கிற பார்வை.

“ரெண்டு பேரும் கையத் தூக்கிக் காட்டுங்க, பொறவு களவாணித்தனம்னு யாரும் சொல்லப்படாது” என்றாள் ஆவுடையம்மாள். தன் விரலில் கிடந்த மோதிரத்தைக் கழற்றி எல்லோரும் பார்க்கும்படி சுற்றிக் காட்டினாள். பித்தளைக் குடம், வாய் ஒடுங்கிய குடம். மஞ்சள் கரைத்த தண்ணீர், அதன்மேல் ரோஜா இதழ்கள், உள்ளே என்ன கிடந்தாலும் மேலே ஒன்றும் தெரியாது. மோதிரம் விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. மூன்று தடவை போடுவார்கள், இரண்டு தடவை எடுத்தவர் கைதான் வீட்டில் ஓங்கும் என்பது கணக்கு. செண்பகவல்லி வலது கையை விட்டாள். வளையல்கள் குடத்தின் வாயில் இடித்தன. அவன் கையும் அதே நேரத்தில் இறங்கியது, இரண்டு மணிக்கட்டும் உரசின. முதன்முதலாக அவன் கை அவள் கைமேல் சும்மா பட்டது அப்போதுதான்; அக்கினி சுற்றும்போது பிடித்தது ஐயர் பிடிக்கச் சொன்னதால் பிடித்தது. அவள் நேராகக் குடத்தின் நடுவில் துழாவினாள். குடத்தின் அடி உள்ளே மேடாக இருந்தது, ஒன்றும் அகப்படவில்லை. அவன் நடுவுக்கே போகவில்லை. எடுத்த எடுப்பிலேயே விளிம்போரமாக விரலைவிட்டு ஒரு சுற்றுச் சுற்றினான். மேட்டில் விழுந்த மோதிரம் வழுக்கிக்கொண்டு ஓரத்துக்குத்தான் போகும் என்பது அவளுக்கு அப்புறம்தான் உறைத்தது. ஐந்து எண்ணுவதற்குள் எடுத்துவிட்டான். எடுத்தவன் கையை மேலே தூக்கவில்லை. அவள் உள்ளங்கையைத் தேடிப் பிடித்து, மோதிரத்தை வைத்து, அவள் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டு, தன் கையை வெறுமனே வெளியே எடுத்துக்கொண்டான். செண்பகவல்லியின் அத்தை பிரமு குலவையே போட்டுவிட்டாள். “எங்க புள்ள ஊசி பிடிக்கிற கையில்லா! சும்மாவா?” என்றாள். எல்லோரும் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள், ஆவுடையம்மாள் தம்பியின் முதுகில் ஒன்று வைத்தாள். செண்பகவல்லியும் சிரித்து வைத்தாள்.

ஏன் ஓரத்துக்குப் போனான்? கோமதிநாயகத்துக்கு வேலை நில அளவைத் துறையில், சர்வேயர். எல்லைக்கல்லைப் பிடித்துத்தான் அளக்கத் தொடங்குவான், அந்தப் பழக்கமாக இருக்கும் என்று மனசின் ஒரு பாதி சொன்னது. அளக்கிறவனுக்குக் குடமும் காடும் ஒன்றா என்று மறுபாதி கேட்டது. சட்டைக் கையை அவன் எப்போது மடித்தான்? யோசித்துப் பார்த்தாள். பாயில் வந்து உட்காரும்போதே மடித்திருந்தது. குடத்தைக் கொண்டுவருவதற்கு முன்னாலேயே கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டான். பட்டு ரவிக்கையின் கை நனைந்துவிடுமே என்று அவளுக்குத் தோன்றவே இல்லை, இப்போது முழங்கை வரை ஈரம் சொட்டுகிறது. முதல் தடவை விளையாடுகிறவர்கள் இப்படித்தான் நனைவார்கள். நனையாதவன் எத்தனையாவது தடவை? அவன் இடது கை மோதிர விரலைப் பார்த்தாள். வெளுத்த தடம் எதுவும் இல்லை. தடம் இருந்திருந்தாலும் சந்தேகம்தான் வந்திருக்கும், இல்லாததற்கும் சந்தேகம் வந்தது. ஒரு தடமும் இல்லாத அளவுக்கு அவ்வளவு பழையதா என்று. முப்பத்தாறு வயது, அரசாங்க வேலை, சொந்த வீடு, மாமியார் பாவம் காது கேட்காத மனுஷி, மாமனார் இல்லை. இப்படி ஒரு இடம் முப்பத்திரண்டு வயதுக்காரியை ஏன் தேடி வருகிறது? அவளுக்கு மூல நட்சத்திரம், மாமனாருக்கு ஆகாது என்று எத்தனையோ ஜாதகங்கள் திரும்பிப் போயின. இங்கே மாமனாரே இல்லாததால் யாருக்கும் ஆகாமல் போகிற பேச்சில்லை, அதனால்தான் பொருந்தியது என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். அவளும் நம்பினாள். அவனுக்கு ஏன் இத்தனை நாள் அமையவில்லை என்று அவள் யாரையாவது கேட்டாளா? வேலை நிமித்தம் ஊர் ஊராக அலைந்தான், தங்கச்சி இல்லை, தம்பி இல்லை, அவசரப்படுத்த ஆளில்லை என்று அம்மா சொன்னாள். அம்மா எதையும் மூச்சுவிடாமல் சொன்னால் அதற்குள் எதையோ விழுங்குகிறாள் என்று அர்த்தம், அன்றைக்கு அது ஞாபகம் வரவில்லை. நிச்சயம் முடிந்த பிறகு மூன்று மாதமும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்தான். மழை பெய்ததா, சாப்பிட்டாச்சா, பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததா என்பதற்கு மேல் ஒன்றும் இருக்காது. ஒரே ஒரு தடவை மட்டும், வைக்கப் போகிற நேரத்தில், “ஒங்களுக்கு ரொம்பப் பெரிய மனசு” என்றான். அவள் வெட்கத்தில், “அதெல்லாம் ஒண்ணுமில்ல” என்று சொல்லி வைத்துவிட்டாள். அவன் தன் தலைமுடி முன்பக்கம் ஏறிக்கொண்டு போவதைப் பற்றித்தான் சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டாள். பாவம், முடி போனால் என்ன, நல்ல மனுஷன் என்று அன்று இரக்கம்கூடப் பட்டாள். வழுக்கைக்கு யாராவது பெரிய மனசு என்பார்களா?

மேடைப் படி ஓரத்தில் அப்பா நின்றுகொண்டிருந்தார். குற்றாலிங்கம் பிள்ளை, தபால் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர், மகளின் கல்யாணத்துக்காக வாழ்க்கையில் முதல் தடவையாகத் தலைக்குச் சாயம் போட்டவர். சாயம் காதுக்கு மேலேயும் கொஞ்சம் ஒட்டியிருந்தது. வந்தவர்களை வாங்க வாங்க என்று கும்பிட்டுக்கொண்டே, ஆட்டத்தையும் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்ததும் செண்பகவல்லிக்கு அழுகை முட்டியது. இந்த மனுஷனை ஏமாற்ற எப்படி மனசு வந்தது இவர்களுக்கு! ஊசி என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர், கடைக்காரன் தராசைப் பார்த்தால் அவன் வருத்தப்படுவான் என்று வேறு பக்கம் பார்க்கிறவர். மாப்பிள்ளை வீட்டை விசாரித்துவிட்டு வருகிறேன் என்று தனியாகத்தான் சங்கரன்கோவில் போனார். தாய்மாமனைக் கூட அழைத்துப்போங்கள் என்று அம்மா சொன்னதற்கு வேண்டாம் என்றுவிட்டார். சாயங்காலம் வந்தார், செருப்பைக் கழற்றாமல் முற்றத்திலேயே கொஞ்ச நேரம் நின்றார், கொடுத்த காபியைக் குடிக்கவில்லை. “நல்ல எடம். விசாரிக்கதுக்கு ஒண்ணுமில்ல” என்றார். வெயிலில் அலைந்த களைப்பு என்று அவள் நினைத்து விசிறியை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். அன்றைக்கு ராத்திரி அம்மாவும் அவரும் அடுப்படியில் ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள், பத்திரிகை அடிப்பது, மண்டபம் பார்ப்பது பற்றியெல்லாம் இருக்கும். அந்த மனுஷனிடம் இப்போது போய், அப்பா, உங்களை ஏமாற்றிவிட்டார்கள், அவனுக்கு முன்னாலேயே ஒருத்தி இருந்திருக்கிறாள் என்று சொன்னால் என்ன ஆகும்? போன வருடம்தான் நெஞ்சில் கம்பி வைத்தது. படியிலேயே உட்கார்ந்துவிடுவார். அப்படியே உண்மையாக இருந்தாலும் இவருக்குத் தெரியக்கூடாது என்று அந்த நிமிஷமே முடிவு பண்ணினாள். தான் மட்டும் தெரிந்துகொள்ள வேண்டும், தெரிந்துகொண்டு தனக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். அப்படி வைத்துக்கொண்டு ஒரு ஆயுசு முழுக்க அவன் பக்கத்தில் படுக்க முடியுமா?

இரண்டாம் தடவை மோதிரம் விழுந்தது. இந்த முறை அவள் தேடவே இல்லை. கையை உள்ளே விட்டு இறுக்கிப் பொத்திக்கொண்டு அப்படியே வைத்திருந்தாள். பார்ப்போம், என்ன செய்கிறான் என்று. அவன் மறுபடியும் ஓரமாக ஒரு சுற்றுச் சுற்றினான், மோதிரத்தை எடுத்தான், அவள் கைக்கு வந்தான். கை மூடியிருந்தது. கொஞ்சம் காத்திருந்தான். மோதிரத்தால் அவள் விரல் முட்டியில் மெதுவாக ஒரு தட்டுத் தட்டினான். அவள் திறக்கவில்லை. வெளியே பெண்டுகள் பொறுமை இழந்துவிட்டார்கள். “என்ன, உள்ளுக்குள்ளயே குடித்தனம் நடத்துதியளா? கீழ சோறு ஆறிப்போயிரும், சீக்கிரம்” என்று ஒருத்தி சொல்ல, மேடையே குலுங்கிச் சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவில் அவன் தன் விரலை அவள் உள்ளங்கைக்கும் சுண்டுவிரலுக்கும் இடையில் நுழைத்துக் கொஞ்சமாக நெம்பினான். பலவந்தம் இல்லை. நரம்பு அகப்படாத குழந்தைக் கையை அவள் எப்படிப் பிடிப்பாளோ அப்படிப் பிடித்தான். அதுதான் அவளுக்கு இன்னும் பயத்தைக் கொடுத்தது. அடாவடிக்காரன் என்றால் கோபப்பட்டுவிடலாம், இவன் மேல் எதைக்கொண்டு கோபப்படுவது? விட்டுக்கொடுத்து விட்டுக்கொடுத்துப் பழகின கை. அந்த முதல்காரிக்கும் இப்படித்தான் விட்டுக்கொடுத்திருப்பான், மூன்று தடவையும். அதைத்தான் அக்காக்காரி சொல்கிறாள். விட்டுக்கொடுத்தும் அவள் நிற்கவில்லை போல. அல்லது செத்தே போனாளோ? செத்தவள் என்றால் எப்படிச் செத்தாள்? இரண்டு நாளைக்கு ஒரு தடவை பேப்பரில் வருகிறதே, ஸ்டவ் வெடித்து, கிணற்றில் விழுந்து. ஆவுடையம்மாளின் கையைப் பார்த்தாள். குடத்தைப் பிடித்திருக்கிற கை, கறிவேப்பிலை உருவிக் கறை பிடித்த விரல், சாதாரணமான வீட்டுக் கை. அப்படிப்பட்ட கையும் எதையும் செய்யும். ச்சே, என்ன புத்தி இது என்று தன்னையே வைதுகொண்டாள், வைதுகொண்டே விரலைத் திறந்தாள். மோதிரம் உள்ளே வந்தது. வெளியே எடுத்துக் காட்டினாள். இரண்டுக்கு இரண்டு. பிரமு அத்தை, “இனிமே மாப்பிள்ள வாயத் தெறக்க முடியாது” என்று கைதட்டினாள்.

ஆட்டம் முடிந்த மாதிரிதான், ஆனால் மூன்றாவதும் போட்டே ஆக வேண்டும், சம்பிரதாயம். போட்டோக்காரர் பாட்டரி மாற்ற வேண்டும் என்று நிறுத்தினார். எல்லோரும் அப்படியே நின்றார்கள். அந்த இரண்டு நிமிஷம் செண்பகவல்லிக்கு இரண்டு நாளாகத் தெரிந்தது. இதற்கு மேல் சந்தேகத்தை வைத்துக்கொண்டு தேங்காய் உருட்ட முடியாது, அப்பளம் உடைக்க முடியாது. சாயங்காலம் சங்கரன்கோவிலுக்கு வேனில் ஏற வேண்டும். ஏறிவிட்டால் முடிந்தது. வீட்டு வாசலில் ஆரத்தி எடுக்கும்போதா கேட்பாள், வலது காலை வைத்து உள்ளே நுழைந்த பிறகா? இப்போதே கேட்டுவிட வேண்டும். கேட்டால் பொய் சொல்வான். சொல்லட்டும். பொய் சொல்கிறவர்களின் கை அவளுக்குத் தெரியும்; முகம் எவ்வளவு சிரித்தாலும் மணிக்கட்டில் நாடி ஓடுகிற ஓட்டத்தை யாராலும் மாற்ற முடியாது. குடத்துக்குள் அவன் மணிக்கட்டு எட்டுகிற தூரத்தில்தானே இருக்கப்போகிறது. பொய் சொன்னால் என்ன செய்வாள் என்று யோசித்தாள். ஒன்றும் தோன்றவில்லை. மெய் சொன்னால் என்ன செய்வாள் என்று யோசித்தாள். எழுந்து நிற்பாள். மாலையைக் கழற்றுவாள். கீழே மூன்றாம் பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருக்கிறார்கள், அத்தனை பேரும் நிமிர்ந்து பார்ப்பார்கள், அப்பா படியில் உட்கார்ந்துவிடுவார். அங்கேயே வந்து நினைப்பு முட்டிக்கொண்டு நின்றது, அதற்கு மேல் நகரவில்லை. திரும்பவும் முதலிலிருந்து தொடங்கியது: இந்தத் தடவையாவது, இந்தத் தடவையாவது. ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறோமே, ஒருவேளை அந்த மதினி பேச்சுவாக்கில் உளறியிருந்தால்? அப்படி இருந்துவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்தபோதுதான், இந்த மனுஷனைத் தனக்குப் பிடித்திருக்கிறது என்பது அவளுக்கே தெரிந்தது. எரிச்சலாக வந்தது. தெரிய வேண்டிய நேரமா இது?

“ம், கடைசி!” என்றாள் ஆவுடையம்மாள். மோதிரம் விழுந்தது. இரண்டு கையும் இறங்கின. செண்பகவல்லி மோதிரத்தைத் தேடவில்லை, அவன் மணிக்கட்டைத் தேடிப் பிடித்தாள். கட்டைவிரல் பக்கமாக இரண்டு விரலை வைத்தாள். அவன் திடுக்கிட்டுப் போய் அவளைப் பார்த்தான். அவள் குனிந்தபடியே, உதடு அசையாமல் கேட்டாள்.

“இத இதுக்கு முன்னாடி வெளையாடிருக்கீங்களா?”

“ஆமா” என்றான். “ஒரு தடவ.”

நாடி தாவவில்லை. ஒரே சீராக ஓடியது. அவள்தான் தடுமாறிப்போனாள்.

“எப்ப?”

“ஆறு வருசம் ஆச்சு. பத்தொம்பது நாளு இருந்தாங்க, பொறவு போயிட்டாங்க. கோர்ட்டுல முடிஞ்சே நாலு வருசம் ஆவுது.” மேடையில் இருந்த சத்தத்துக்கு அவன் பேச்சு அவளைத் தாண்டி யாருக்கும் கேட்டிருக்காது. “அக்கா சொன்னத மனசுல வச்சிக்கிடாதீங்க. ஒங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமேன்னு வாய் தவறிச் சொல்லிட்டா.”

“எனக்கு என்ன தெரியும்?”

இப்போது நாடி தாவியது. அவள் இரண்டு விரலுக்கும் அடியில் அது ஒரு எட்டு எட்டி, அப்புறம் படபடவென்று ஓடத் தொடங்கியது. கோமதிநாயகம் அவள் பக்கம் முழுசாகத் திரும்பினான். “மாமாகிட்ட எல்லாத்தையும் சொன்னேனே. வீட்டுக்கு வந்தன்னைக்கே, கோர்ட்டுத் தாள் மொதக்கொண்டு எடுத்துக் காட்டினேன். ரெண்டு நாள் கழிச்சு அவங்களே போன் பண்ணாங்க. செண்பகத்துகிட்ட சொல்லிட்டேன், அவளுக்குச் சம்மதம், ஆனா அதப் பத்தி இனிமே யாரும் அவகிட்டப் பேச்செடுக்கக் கூடாதுன்னு ஒரு வார்த்த கேட்டுக்கிட்டான்னு சொன்னாங்க. அதான் நான் ஒருநாளும்…” என்று சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்திவிட்டான். “நீங்க அப்பிடிக் கேக்கலியா?” என்றான்.

அவள் அப்படிக் கேட்கவில்லை. அவளிடம் யாரும் எதையும் சொல்லவில்லை. அவள் பெயரால் ஒருத்தர் சம்மதம் சொல்லி, அவள் பெயரால் ஒரு வேண்டுகோளையும் வைத்து, அவள் வாயையும் எதிராளி வாயையும் ஒரே நேரத்தில் அடைத்திருக்கிறார். பெரிய மனசு! இவன் மூன்று மாதமாக நன்றி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான், அவள் மழை பெய்ததைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்திருக்கிறாள். அவள் தலையை நிமிர்த்தினாள். புதுப்பெண் அப்படி நிமிரக்கூடாது, நிமிர்ந்தாள். படி ஓரத்தில் அப்பா யாருக்கோ சந்தனக் கிண்ணத்தை நீட்டிக்கொண்டிருந்தார்.

“அப்பா” என்று கூப்பிட்டாள், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

“என்னம்மா?”

“இவங்களுக்கு இது ரெண்டாவது தடவையாமே?”

மேடை கொல்லென்று சிரித்தது. “ஏட்டி, ஒனக்கு எண்ணவே தெரியாதா? ரெண்டு முடிஞ்சாச்சு, இது மூணாவது தடவட்டி!” என்று பிரமு அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்ததும் கணக்கே மறந்துபோச்சு என்று இன்னொருத்தி எடுத்துக்கொடுத்தாள், மறுபடியும் சிரிப்பு. ஆவுடையம்மாள் சிரிக்கவில்லை. அவள் தம்பி முகத்தைப் பார்த்தாள், செண்பகவல்லி முகத்தைப் பார்த்தாள், குடத்தைப் பிடித்திருந்த கையை எடுத்துக்கொண்டாள். அப்பாவும் சிரிக்கவில்லை. அவர் முகத்தில் வாங்க வாங்க என்பதற்கு வைத்திருந்த சிரிப்பு மட்டும் எடுக்க மறந்து அப்படியே கிடந்தது. பக்கத்தில் நின்ற அம்மா குனிந்து, கீழே விழாத எதையோ தேடத் தொடங்கினாள்.

“எத்தனாவதா இருந்தா என்னம்மா” என்றார் அப்பா. “தண்ணியில ரொம்ப நேரம் கைய வைக்காத. சளி பிடிக்கும். சட்டுனு எடு.”

பன்னிரண்டு வருடமாக ஊர் ஜனங்கள் எல்லோரையும் சந்தேகப்பட்டிருக்கிறாள். இந்த ஒரு மனுஷனை ஒரு நாளும் ஒரு கேள்வி கேட்டதில்லை. அவளுக்கு அழ வேண்டும்போல இருந்தது, கல்யாணத்துக்காக இல்லை. அவர் காதுக்கு மேல் ஒட்டியிருந்த சாயத்தைப் பார்க்க அவளால் முடியவில்லை. முப்பத்திரண்டு வயது மகளை எப்படியாவது கரையேற்ற வேண்டும் என்று சங்கரன்கோவிலிலிருந்து திரும்பி வந்த பேருந்தில் அவர் எதை எதையெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தாரோ, அது அவளுக்குப் புரியத்தான் செய்தது. புரிந்தும் மன்னிக்க வரவில்லை. இத்தனை பேர் கூடியிருக்கிற மண்டபத்தில் அவளிடம் கேட்டதும் மெய்யைச் சொன்னவன் ஒருத்தன்தான், அவனைத்தான் அவள் இவ்வளவு நேரமும் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தாள். குடத்துக்குள் அவன் கை விலகிப்போய்ச் சுவரோரம் ஒண்டிக்கொண்டிருந்தது. மோதிரத்தை அவனும் தேடவில்லை. “நீங்க எந்திரிச்சுப் போறதா இருந்தா…” என்று மெல்ல ஆரம்பித்தான், “நான் குத்தம் சொல்ல மாட்டேன்.”

“எடுங்க, எடுங்க!” என்று வெளியே கூச்சல் பொறுக்க முடியவில்லை. போட்டோக்காரர் ஸ்டூல்மேல் ஏறி நின்றுகொண்டார்.

“அவங்க பேரு என்ன?” என்று கேட்டாள் செண்பகவல்லி.

அவன் அக்காவைப் பார்க்கவில்லை, மாமனாரைப் பார்க்கவில்லை.

“உலகம்மா” என்றான். “ஆழ்வார்குறிச்சி.”

“ம். மிச்சத்தையும் சொல்லுங்க” என்றாள், கையை வெளியே எடுக்காமல்.